காமாலைக்குக் கீழாநெல்லி கொடுக்கும் முன்

திருமங்கலத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். அவருடைய தம்பிக்கு 23 வயது. மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை, நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறான், மூன்று வேளையும் வெளிச் சாப்பாடு. ஐந்து நாள் காய்ச்சலும் வாந்தியுமாக இருந்து, இப்போது கண் மஞ்சளாகிவிட்டது. லேபில் ரத்தம் பார்த்ததில், மஞ்சளின் அளவைக் காட்டும் பிலிரூபின் 6.2 என்று வந்திருக்கிறது. அம்மா கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்தால் போதும் என்கிறார். பெரியப்பா பக்கத்து ஊரில் காமாலைக்கு மருந்து கொடுப்பவரிடம் கூட்டிப்போகச் சொல்கிறார். கீழாநெல்லி உண்மையிலேயே வேலை செய்யுமா, எப்படிக் கொடுப்பது, உப்பில்லாப் பத்தியம் இருக்க வேண்டுமா, டாக்டரிடமும் போக வேண்டுமா என்பது அவருடைய கேள்வி.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். கீழாநெல்லி கொடுப்பதை நான் தடுக்கமாட்டேன். ஆனால் தம்பிக்கு வந்திருப்பது எந்தக் காமாலை என்று தெரியாமல் கொடுக்காதீர்கள். இன்றே டாக்டரிடம் காட்டுங்கள். மிச்சத்தை நிதானமாகப் படிக்கலாம்.

நான் மருத்துவர் இல்லை. மதுரையில் ஒரு கல்லூரியில் 28 ஆண்டுகள் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவள். பிறந்தது மேலூர்ப் பக்கத்துக் கிராமம். எங்கள் அப்பத்தா காமாலைக்கு மருந்து கொடுப்பவர். விடியற்காலையில் வாசலில் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். அப்பத்தா முதல் நாள் சாயங்காலமே வரப்பில் போய்ச் செடியைப் பார்த்து வைத்துக்கொள்வார். காலையில் வேரோடு பிடுங்கி, மண் போக அலசி, அம்மியில் மைபோல அரைத்து, கொட்டைப்பாக்கு அளவு உருட்டி, மோரிலோ வெள்ளாட்டுப் பாலிலோ கரைத்து, வெறும் வயிற்றில் குடிக்கச் சொல்வார். மூன்று நாள், சிலருக்கு ஐந்து நாள். காசு வாங்கமாட்டார். மருந்துக்குக் காசு வாங்கினால் பலிக்காது என்பது அவருடைய நம்பிக்கை. குடித்தவர்களில் பெரும்பாலோர் பத்து இருபது நாளில் தெளிந்து, வாழைப்பழச் சீப்போடு வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். அதைப் பார்த்து வளர்ந்ததால்தான் எனக்குச் செடிகள் மேல் ஆசை வந்தது. இந்தச் செடியைப் பற்றி நான் அலட்சியமாக எழுதமாட்டேன் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

செடியைச் சரியாக அடையாளம் காண்பது முதல் வேலை. தாவரவியலில் கீழாநெல்லிக்கு பில்லாந்தஸ் அமாரஸ் என்று பெயர். அமாரஸ் என்றால் கசப்பு. மழை விழுந்த பத்து நாளில் வரப்பு, தோட்டம், செங்கல் இடுக்கு என்று எங்கும் முளைக்கும். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடக்குறைய வளரும். புளிய இலையைப் போல இரண்டு பக்கமும் வரிசையாகச் சின்ன இலைகள் இருக்கும். அந்தச் சிறு கிளையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக நெல்லிக்காய் வடிவத்தில் காய்கள் வரிசையாகத் தொங்கும். கீழ்க்காய் நெல்லி, கீழ்வாய் நெல்லி என்ற பெயர்களெல்லாம் இதனால் வந்தவைதான். வடமொழியில் பூமி ஆமலகி, அதாவது நிலத்து நெல்லி என்பார்கள். நாம் பறிக்கும் பெரிய நெல்லி மரமும் இதுவும் ஒரே பேரினம், பில்லாந்தஸ்.

இதே மாதிரி இருக்கும் சொந்தக்காரச் செடிகள் பல உண்டு. தண்டு செம்மை ஓடி, காய் காம்பில்லாமல் ஒட்டிக்கொண்டு, மேல்தோல் சொரசொரப்பாக இருந்தால் அது சிவப்புக் கீழாநெல்லி. மேலாநெல்லி என்று இன்னொன்று உண்டு, அதற்கு இந்த இறகு மாதிரியான கிளை அமைப்பு இருக்காது. தென்னிந்திய நாட்டு மருந்துக் கடைகளில் கீழாநெல்லி என்று விற்பதை வாங்கி டி.என்.ஏ. வழியாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலும் அமாரஸ்தான் இருந்தது, ஆனாலும் அதே பெயரில் வேறு இனங்களும் கலந்து வந்தது தெரிந்தது. அதனால் காய்ந்த பொடியை வாங்குவதைவிடப் பச்சைச் செடியைக் கண்ணால் பார்த்து எடுப்பதுதான் எனக்குப் பிடிக்கும். எங்கள் மாணவிகளுக்கு ஒரு சின்னச் சோதனை சொல்லித்தருவேன். தண்டைக் கிள்ளிப் பாருங்கள், வெள்ளையாகப் பால் வடிந்தால் அது கீழாநெல்லி இல்லை. அம்மான் பச்சரிசி வகைச் செடிகள் பக்கத்திலேயே முளைத்துக் கிடக்கும், அவற்றில் பால் உண்டு.

சரி, வேலை செய்யுமா என்ற கேள்விக்கு வருகிறேன்.

சித்த மருத்துவம் காமாலையைப் பித்தம் மிகுந்து வருவதாகப் பார்க்கிறது. கைப்பும் துவர்ப்பும் உள்ள, குளிர்ச்சியான மூலிகை பித்தத்தைத் தணிக்கும் என்பது அதன் கணக்கு. இந்த அறிவு நாட்டில் பரவலாக இருந்ததால்தான் நவீன ஆய்வாளர்களும் இந்தச் செடியைத் தேடி வந்தார்கள். ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பெர்க்கும் அவருடைய குழுவினரும், கீழாநெல்லிச் சாறு அந்த வைரஸ் பெருகத் தேவையான ஒரு நொதியைத் தடுக்கிறது என்று 1987இல் சோதனைக்கூடத்தில் காட்டினார்கள். அடுத்த ஆண்டு, சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் தலைமையில் பிளம்பெர்க்கும் சேர்ந்து நடத்திய ஆய்வு ‘லான்செட்’ இதழில் வந்தது. ஹெபடைடிஸ் பி வைரஸை உடம்பில் நாள்பட வைத்திருப்பவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்தார்கள். மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் மேலுறைப் புரதம் ரத்தத்தில் இல்லாமல் போயிருந்தது. மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி ஆனது. தியாகராஜன் பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தார். நம் வரப்பில் முளைக்கும் செடி உலக மருத்துவ இதழில் வந்ததை அன்று வகுப்பில் பெருமையோடு சொன்னது நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததையும் அதே நேர்மையோடு சொல்ல வேண்டும். தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் மற்ற இடங்களிலும் அதே செடியை வைத்துச் செய்து பார்த்தார்கள், அந்தப் பலன் கிடைக்கவில்லை. 2011இல் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்து அலசிய, காக்ரேன் என்ற பன்னாட்டு அமைப்பின் ஆய்வு, நாள்பட்ட ஹெபடைடிஸ் பி-க்கு இந்தச் செடி வெறும் மாத்திரையைவிட மேல் என்று சொல்ல நம்பத்தகுந்த சான்று இல்லை என்று முடித்தது. ஆகவே ‘கீழாநெல்லி ஹெபடைடிஸ் பி-யைக் குணமாக்கும், லான்செட்டே சொல்லிவிட்டது’ என்று யாராவது உங்களுக்கு அனுப்பினால், அது கதையின் முதல் பாதி மட்டும்தான்.

எலிகளுக்கு ஈரலைக் கெடுக்கும் ரசாயனம் கொடுத்து, கூடவே கீழாநெல்லிச் சாறும் கொடுத்துப் பார்த்தபோது ஈரல் குறைவாகக் கெட்டது. இது பலமுறை பார்க்கப்பட்டிருக்கிறது. செடியில் பில்லாந்தின், ஹைப்போபில்லாந்தின் போன்ற பொருட்கள் இருக்கின்றன. அந்த நாக்கில் நிற்கும் கசப்பு பில்லாந்தினுடையது. ஆக, ஈரலுக்கு ஏதோ நல்லது செய்யக்கூடிய செடி என்று நினைக்க நியாயம் இருக்கிறது. எலிக்கு நடப்பது மனிதனுக்கும் அப்படியே நடக்கும் என்று மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

அப்படியானால் அப்பத்தாவிடம் வந்தவர்கள் எல்லாம் எப்படித் தெளிந்தார்கள்? இதை நான் பல வருடம் யோசித்திருக்கிறேன். நம் பக்கம் வரும் காமாலையில் பெரும்பங்கு ஹெபடைடிஸ் ஏ, ஹெபடைடிஸ் இ என்ற இரண்டு வைரஸ்களால் வருவது. இரண்டுமே கெட்ட தண்ணீரிலும் உணவிலும் பரவுபவை. இரண்டும் பெரும்பாலோருக்குத் தானாகவே சரியாகிவிடும். இளம் வயதினருக்குச் சில வாரங்களில் ஈரல் தன்னைத் தானே சீராக்கிக்கொள்ளும். கண் மஞ்சளாகும் நாளில்தான் வீட்டார் மருந்துக்கு ஓடுவார்கள். மஞ்சள் ஏறி, நின்று, இறங்கத் தொடங்கும் நேரமும் மருந்து குடித்து முடிக்கும் நேரமும் ஒன்றாக அமைந்துவிடும். கீழாநெல்லி அந்த இறக்கத்துக்குக் கைகொடுத்திருக்கலாம். ஓய்வும், எண்ணெய்ப் பலகாரத்தையும் சாராயத்தையும் விலக்கியதும் கட்டாயம் கைகொடுத்திருக்கும். ஆனால் செடியே குணப்படுத்தியது என்று அடித்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த வேறுபாடு வெறும் வாதத்துக்கானது இல்லை என்பதை எங்கள் வீட்டிலேயே கற்றுக்கொண்டோம். என் சித்தப்பாவுக்கு 50 வயதைத் தாண்டியபோது கண் மஞ்சளானது. காய்ச்சல் பெரிதாக இல்லை. உடம்பெல்லாம் அரிப்பு, ராத்திரி தூங்கமுடியாமல் தென்னந்துடைப்பத்தால் முதுகைச் சொறிந்துகொள்வார். அப்பத்தா பெற்ற பிள்ளை ஆயிற்றே, மூன்று நாள் கொடுத்தார், பிறகு ஐந்து நாள், பிறகு மண்டலக் கணக்கில். மஞ்சள் இறங்கவில்லை, பச்சை ஓடிய மஞ்சளாக ஏறியது. சித்தப்பாவும் யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போயிருந்தது. இரண்டு மாதம் கழித்துக் குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல் கண்டபோதுதான் மதுரைக்குக் கொண்டுபோனோம். பித்தநாளத்தில் கல் அடைத்து, மேலே சீழ் பிடித்துவிட்டது என்றார்கள். மூன்று வாரம் மருத்துவமனையில் கிடந்து பிழைத்தார். கல் அடைத்த குழாயை எந்தச் செடியும் திறக்காது. ஈரலுக்குள் எந்தக் குறையும் இல்லாமல், வெளியே போகும் வழி அடைபட்டதால் வந்த காமாலை அது.

அப்பத்தா அதற்குப் பிறகும் மருந்து கொடுத்தார். ஆனால் யார் வந்து உட்கார்ந்தாலும் முதலில், ‘வெளிக்குப் போனா என்ன நிறம்? அரிக்குதா?’ என்று கேட்பார். வெள்ளை என்றால், ‘எங்கிட்ட மருந்து இல்ல, பெரியாஸ்பத்திரிக்குப் போங்க’ என்று அனுப்பிவிடுவார். எழுதப் படிக்கத் தெரியாதவர், தன் மகன் பட்ட பாட்டிலிருந்து கற்றுக்கொண்டு, தன் வைத்தியத்தைத் திருத்திக்கொண்டார். நாட்டு வைத்தியத்தை மதிக்கிறேன் என்று நான் சொல்லும்போது என் மனதில் இருப்பது அந்தக் கேள்வியைக் கேட்ட அப்பத்தாதான்.

காமாலை ஒரு நோய் இல்லை, பல நோய்களின் அடையாளம். ரத்தத்தில் பிலிரூபின் என்ற மஞ்சள் பொருள் கூடுவதால் கண் மஞ்சளாகிறது. சாதாரணமாக அது 1 மில்லிகிராம் அளவில் இருக்கும், 2.5 அல்லது 3-ஐத் தாண்டினால் கண்ணில் தெரியும். ஏன் கூடுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தண்ணீர் வழி வரும் ஏ, இ வைரஸ்கள் ஒரு பக்கம். ரத்தம், ஊசி, உடலுறவு, தாயிடமிருந்து குழந்தை என்று பரவும் பி, சி வைரஸ்கள் இன்னொரு பக்கம். இவை உள்ளே தங்கி, வருடக்கணக்கில் சத்தமில்லாமல் ஈரலைச் சுருக்கிவிடும். சாராயத்தால் வருவது உண்டு, மாத்திரைகளால் வருவது உண்டு. சிவப்பணுக்கள் வேகமாக உடைவதாலும் வரும். கல்லும் கட்டியும் அடைப்பதால் வருவதைச் சித்தப்பா கதையில் சொன்னேன். நடவுக் காலத்தில் எங்கள் மேலூர்ப் பக்கம் பயப்பட வேண்டியது எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த சேற்றுத் தண்ணீரில் வெறுங்காலோடு இறங்குபவர்களுக்கு வரும். கடும் காய்ச்சல், கண் சிவப்பு, கெண்டைக்கால் வலி, அதோடு மஞ்சள். அதற்கு நேரத்தோடு ஆன்டிபயாடிக் தேவை, கீழாநெல்லி குடித்துக்கொண்டு காத்திருந்தால் சிறுநீரகம் போய்விடும்.

இத்தனையும் வெளியே பார்த்தால் ஒரே மஞ்சள். அதனால்தான் உங்கள் தம்பிக்குப் பிலிரூபின் எண் மட்டும் போதாது என்கிறேன். ஈரல் செல்கள் சிதையும்போது ரத்தத்தில் ஏறும் நொதிகளான எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. இரண்டும் எவ்வளவு, பித்தநாளம் அடைபட்டால் ஏறும் நொதியான அல்கலைன் பாஸ்படேஸ் எவ்வளவு, ரத்தம் உறையும் நேரமான பி.டி. ஐ.என்.ஆர். எவ்வளவு, ஏ, பி, சி, இ வைரஸ்களில் எது என்று பார்த்தார்களா, வயிற்று ஸ்கேன் எடுத்தார்களா என்று டாக்டரிடம் கேளுங்கள். பொதுவாக, வைரஸ் காமாலையில் எஸ்.ஜி.பி.டி. ஆயிரக்கணக்கில் ஏறியிருக்கும். அடைப்பில் அல்கலைன் பாஸ்படேஸ் முன்னுக்கு நிற்கும். ஈரல் எந்த அளவுக்கு வேலை செய்கிறது என்பதைப் பிலிரூபினைவிட ஐ.என்.ஆர். நன்றாகச் சொல்லும். பிலிரூபின் 6 ஆக இருந்து ஐ.என்.ஆர். சரியாக இருப்பவர் வீட்டில் ஓய்வெடுக்கலாம். ஐ.என்.ஆர். ஏறுகிறவரை மருத்துவமனையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

நீங்கள் சொன்ன அறிகுறிகளையும் அவனுடைய வயதையும் வெளிச் சாப்பாட்டையும் பார்த்தால் ஏ அல்லது இ-யாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படியே இருந்தாலும் நூற்றில் ஒருவருக்கும் குறைவாக, ஈரல் திடீரென்று கைவிடுவது நடக்கிறது. அதற்கு அடையாளம் இருக்கிறது. பகலில் அளவுக்கு மீறித் தூங்குவது, இரவில் விழித்திருப்பது, பேச்சு குழறுவது, ஆள் தெரியாமல் பேசுவது, பல் ஈறில் ரத்தம், வாந்தி நிற்காமல் போவது, வயிறு வீங்குவது. இதில் ஒன்றைக் கண்டாலும் ராத்திரி என்றும் பார்க்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். ‘மருந்து பிடிக்கிறது, அதனால் அசந்து தூங்குகிறான்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வீட்டில் யாராவது கர்ப்பமாக இருந்தால் இதைத் தனியாகக் கவனியுங்கள். ஹெபடைடிஸ் இ மற்றவர்களுக்கு லேசாகப் போய்விடும், ஆனால் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் அது உயிரைக் குடிக்கும் நோய். கர்ப்பிணிக்குக் காமாலை என்றால் வீட்டு மருந்துக்கே இடமில்லை. பிறந்த குழந்தைக்கு வரும் மஞ்சளுக்கும் கீழாநெல்லிச் சாறு ஒரு சொட்டுக்கூட விடக்கூடாது. அளவு பார்த்து நீல விளக்கொளியில் வைப்பார்கள், அதுதான் மருந்து.

பி அல்லது சி என்று வந்துவிட்டால் பயந்து ஒளிக்க வேண்டாம். 2018 ஜூலை 28இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இரண்டுக்கும் சோதனையும் மருந்தும் இலவசம். சி-க்கு இப்போது பெரும்பாலும் மூன்று மாத மாத்திரையில் முழுக் குணம் கிடைக்கிறது. ஜூலை 28 பிளம்பெர்க்கின் பிறந்தநாள், அதையே உலக ஹெபடைடிஸ் நாளாக வைத்திருக்கிறார்கள். கீழாநெல்லியைத் தேடி வந்த மனிதரின் பிறந்தநாளில் இந்தத் திட்டம் தொடங்கியது எனக்கு ஒரு சந்தோஷம்.

இப்போது கீழாநெல்லியை எப்படிக் கொடுப்பது என்பதைப் பார்ப்போம். டாக்டர் பார்த்து, அடைப்பு இல்லை, ஏ அல்லது இ-தான், வீட்டில் இருக்கலாம் என்று சொன்ன பிறகு, கீழாநெல்லி கொடுக்கப்போவதை அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சித்த மருத்துவர் ஒருவரைப் பார்த்து அளவு கேட்டுக்கொள்வது இன்னும் நல்லது. அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்தா பிரிவு இருக்கிறது, பட்டம் படித்தவர் பார்ப்பார்.

செடியை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பது முக்கியம். இதை யாரும் சொல்வதில்லை என்பதால் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். கீழாநெல்லி ஈரமான இடத்தில் செழிக்கும். டவுனுக்குள் ஈரமான இடம் என்றால் பெரும்பாலும் சாக்கடை ஓரம். சாக்கடை ஓரத்துச் செடியைப் பச்சையாக அரைத்துக் குடித்தால், எந்த வைரஸுக்கு மருந்து என்று கொடுக்கிறோமோ அந்த வைரஸையே திரும்ப வயிற்றுக்குள் விடுகிறோம். வரப்பில் எடுத்தால் களைக்கொல்லி அடித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். வீட்டுத் தொட்டியில் முளைத்ததோ, நன்றாகத் தெரிந்த தோட்டத்தில் இருந்ததோ போதும். ஓடும் குழாய்த் தண்ணீரில் மூன்று நான்கு முறை அலசி, கடைசி அலசலைக் கொதித்து ஆறிய தண்ணீரில் செய்யுங்கள். மோரில் கலப்பதாக இருந்தால் வீட்டில் காய்ச்சிய பாலில் உறையூற்றிய தயிரில், காய்ச்சி ஆறிய தண்ணீர் விட்டுக் கடையுங்கள். வெள்ளாட்டுப் பாலைப் பச்சையாகக் கொடுக்கும் வழக்கம் நம் பக்கம் உண்டு, தயவுசெய்து காய்ச்சிக் கொடுங்கள்.

கொட்டைப்பாக்கு அளவு, ஒரு வேளை, மூன்று முதல் ஐந்து நாள் என்பது எங்கள் அப்பத்தா கணக்கு. அதிகம் குடித்தால் சீக்கிரம் சரியாகும் என்று டம்ளர் டம்ளராகக் கொடுக்க வேண்டாம். குமட்டல் கூடினால் நிறுத்திவிடுங்கள். அவன் நடுவில் வாந்தி எடுக்கும் நிலையில் இருந்தால் தொடங்கவே வேண்டாம். சர்க்கரை மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்தச் செடி அந்த இரண்டையும் இன்னும் இறக்கக்கூடும் என்பதால் டாக்டரிடம் கேட்காமல் கொடுக்கக்கூடாது. இதோடு சீந்தில், நிலவேம்பு என்று நாலைந்தைச் சேர்த்து அரைப்பவர்களும் இருக்கிறார்கள். சீந்தில் சாப்பிட்டு ஈரல் வீங்கியவர்களைப் பற்றி 2021இல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். ஏற்கெனவே நொந்திருக்கும் ஈரலுக்கு ஒரு நேரத்தில் ஒன்று போதும்.

பெரியப்பா சொல்லும் வைத்தியரைப் பற்றி எனக்குத் தெரியாது, அதனால் அவரைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் என்ன மூலிகை என்று பெயர் சொல்லாமல் பொடி பொட்டலம் கொடுத்தால் வாங்காதீர்கள். மூக்கில் சாறு விடுவது, கையில் சூடு போடுவது இரண்டுக்கும் சம்மதிக்காதீர்கள். டாக்டரிடம் போகக்கூடாது, ஊசி போட்டால் செத்துவிடுவான் என்று யார் சொன்னாலும் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

உப்பில்லாப் பத்தியம் வேண்டாம். வாந்தியில் ஏற்கெனவே உப்பு போயிருக்கும், அதன்மேல் உப்பையும் நிறுத்தினால் பையன் துவண்டுவிடுவான். வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்வார், அது வேறு. இட்லி, இடியாப்பம், குழைந்த சாதம், பருப்பு ரசம், மோர், வாழைப்பழம், இளநீர் என்று பசிக்கு ஏற்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். எண்ணெய் குமட்டினால் விலக்குங்கள், குமட்டல் போனதும் கொஞ்சம் எண்ணெய் சேர்ப்பதில் தப்பில்லை. காலையில் பசி நன்றாக இருக்கும், மாலையில் குமட்டும், அதனால் பெரிய சாப்பாட்டைக் காலையில் வையுங்கள். மது அறவே கூடாது, தெளிந்த பிறகும் டாக்டர் சொல்லும் வரை கூடாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால்கூடத் தன்னிஷ்டத்துக்குப் போடக்கூடாது, அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கரும்புச் சாறு காமாலைக்கு நல்லது என்று ரோட்டோர வண்டியில் வாங்கிக் கொடுப்பார்கள். அதில் போடும் ஐஸ் கட்டி எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று யாருக்கும் தெரியாது. இந்த நோய் பரவுவதற்கு அதைவிட நல்ல வழி இல்லை. கரும்பை வாங்கிவந்து வீட்டில் தோல் சீவிக் கடிக்கக் கொடுங்கள்.

இந்த நோய் நம் பக்கம் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் தண்ணீர்க் குழாய். தண்ணீர் விட்டுவிட்டு வரும் ஊரில், வராத நேரத்தில் குழாய் காலியாகக் கிடக்கும். விரிசல் இருந்தால் பக்கத்துச் சாக்கடை நீர் உள்ளே கசிந்துவிடும். மறுநாள் தண்ணீர் திறக்கும்போது முதலில் வருவது அதுதான். மழைக்காலத்தில் இன்னும் மோசம். சித்திரைத் திருவிழாவில் நீர்மோர்ப் பந்தல் வைக்கும் புண்ணியவான்களிடம் நான் வருடா வருடம் சொல்வது, முதல் நாளே தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துக்கொள்ளுங்கள், மோருக்குள் ஐஸைப் போடாதீர்கள், பானையை வெளியே ஈரத்துணி சுற்றிக் குளிர வையுங்கள் என்பதுதான். சிலர் கேட்கிறார்கள்.

உங்கள் வீட்டிலும் இப்போது கவனம் வேண்டும். ஹெபடைடிஸ் ஏ என்றால் கண் மஞ்சளாவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே அவன் மலத்தில் வைரஸ் போயிருக்கும், மஞ்சளான பின்னும் ஒரு வாரம் அளவுக்குப் போகும். கழிப்பறையிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுவது, அவனுக்குத் தனி டம்ளர் தட்டு, அவன் கொஞ்ச நாள் சமையலில் கைவைக்காமல் இருப்பது, எல்லோரும் கொதித்து ஆறிய தண்ணீர் குடிப்பது. அறையில் கூடத் தங்கியிருக்கும் நண்பர்களுக்கும் சொல்லிவிடுங்கள், ஏழு வாரம் வரை அவர்களுக்கும் வரலாம். ஏ-க்குத் தடுப்பூசி உண்டு, கேட்டுப் பாருங்கள்.

கீழாநெல்லியை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்துவார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீர்க்கடுப்புக்கு மோரில் கலந்து குடிப்பார்கள். வாய்ப்புண்ணுக்கு இலையை மெல்வார்கள். உப்போடு அரைத்துச் சிரங்குக்குப் பூசுவார்கள். நல்லெண்ணெயில் காய்ச்சித் தலைமுழுகுவார்கள், எங்கள் வீட்டில் சனிக்கிழமை அந்த எண்ணெய்தான். பிரேசிலில் இதே குடும்பச் செடிக்குக் கல்லுடைப்பான் என்று பெயர் வைத்துச் சிறுநீரகக் கல்லுக்குக் குடிக்கிறார்கள். கல்லாகும் படிகங்கள் வளர்வதை அது மட்டுப்படுத்துவதைச் சோதனைக்கூடத்தில் பார்த்தும் இருக்கிறார்கள். பெரிய கல்லை உடைக்கும் என்று மட்டும் எண்ண வேண்டாம்.

தங்கச்சி, டாக்டரைப் பார்த்துவிட்டு வந்ததும் மூன்று விஷயம் எழுதுங்கள். ஐ.என்.ஆர். எவ்வளவு, எந்த வைரஸ், ஸ்கேனில் பித்தநாளம் எப்படி இருக்கிறது என்று. அப்புறம் தம்பியிடம் கூச்சப்படாமல் மலத்தின் நிறத்தையும் கேட்டுவிடுங்கள்.